மூன்று தடவை கேட்க வேண்டும்

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் காப்பி குடிக்கிறாயா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அடுப்பில் சூடாகத்தான் இருக்கிறது, ஒரு வாய் குடியேன் என்பார்கள். இப்போதுதான் குடித்தேன், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால், சரி, அரைக் கோப்பை போதும் என்று இழுத்துவிட்டு மூன்று கோப்பை குடிக்கலாம். தப்பில்லை. முதல் தடவையிலேயே சரி என்கிறவன் ஒன்று பட்டினி கிடந்தவனாக இருப்பான், இல்லாவிட்டால் தெற்கே பக்கத்து மாநிலத்திலிருந்து வந்த அயோவாக்காரனாக இருப்பான். இதை எங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் வடக்கு ஓரத்தில் பிறந்த எல்லாருக்கும் பல் முளைக்கும்போதே வந்துவிடுகிற பழக்கம்தான்.

நான் பால் லாரி ஓட்டுகிறவன். பெயர் ரோலி. வெஸ்ட் ஹோல்மைச் சுற்றி முப்பத்தொரு பண்ணைகளில் பால் எடுத்து கிரீமரி என்கிற எங்கள் ஊர்ப் பால் ஆலையில் கொண்டுபோய் இறக்குவேன். இறக்குமிடம் வெர்லின் டோஸ்ட்ருடின் ராஜ்யம். இருபத்தேழு வருஷம். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே சர்ச், வீடும் எதிரெதிர்தான். லாரி வந்து நின்றதும் மேலே ஏறி மூடியைத் திறந்து மோந்து பார்ப்பான். "யாரோ மாட்டை வெங்காயப் புல்லுல விட்டிருக்கான்டா" என்று வசந்த காலத்தில் சொன்னானென்றால் யாரோ விட்டிருப்பார்கள். பிறகு ஒரு கரண்டிப் பால் எடுத்துச் சோதனை அறை ஜன்னல் வழியாக ஆர்டிஸிடம் கொடுப்பான். ஆர்டிஸ் குழாயில் மருந்து விட்டுப் பத்து நிமிஷம் பார்ப்பாள். மாட்டுக்கு ஊசி போட்ட மருந்து பாலில் இருந்தால் நிறம் மாறும். மாறினால் லாரிப் பால் முழுக்கக் கீழேதான். மாறாவிட்டால் ஜன்னலில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவாள், வெர்லின் குழாயை மாட்டுவான். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஜன்னலில் அந்தக் கட்டைவிரல்.

ஆர்டிஸ் க்வாம் விதவை. புருஷன் லோவல், உறைந்த ஏரியில் பனி உடைந்து லாரியோடு மூழ்கிச் செத்த வருஷம்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. அதைப் பற்றி ஊரில் யாரும் அவள் காதுபடப் பேசியதில்லை. நாங்கள் எதையும் யார் காதுபடவும் பேசுகிறவர்கள் இல்லை. குளிரைப் பற்றிப் பேசுவோம்.

கிரீமரியை ஒரு பெரிய கூட்டுறவு வாங்கியது. கார்வி என்று ஒரு மேலாளர் கிழக்கே கடல் பக்கத்திலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான். கேட்டால் பதில் சொல்வார், சொன்னால் எழுதிக்கொள்வார். ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, என் லாரியின் குழாய் வாய் உறைந்துபோய் வெர்லின் வெந்நீர் ஊற்றி இளக்கிக்கொண்டிருந்தான். அலுவலகத்திலிருந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிடத் தொடங்கினார்கள். இனிமேல் பால் இங்கே இறங்காது, நாற்பது மைல் தள்ளி ஆஸ்டாலில் இறங்கும், இங்கே யாருக்கும் வேலை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெர்லினைப் பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தான்.

நான் காப்பி அறையில் இருந்தேன். இன்னும் நாலு பேர் இருந்தார்கள், ஆர்டிஸும் இருந்தாள், வெள்ளைக் கோட்டோடு. கார்வி பின்னாலேயே வந்து, "இத்தனை வருஷ உழைப்புக்கு நன்றி" என்று கையை நீட்டினார். வெர்லின் அந்தக் கையைப் பார்த்தான். தொடவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தன் நீட்டிய கையை இன்னொருத்தன் விட்டதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். கார்வி கையைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெர்லின் ஆர்டிஸ் பக்கம் திரும்பினான்.

"என்ன பாக்கறே? உனக்கென்ன கவலை? குழாயில நாலு சொட்டு விட்டுக் கலரு மாறுதான்னு பாக்கற வேலை, அது எங்க போயிடும்? ஆபீஸ்காரனுக்குப் பொறந்தநாள்னா கேக் சுட்டுட்டு வர்றவ நீ. உன்னைய வேலையில வெச்சுக்குவான்."

"வெர்லின், குழாயை மூடினியா?" என்றாள் ஆர்டிஸ். "தரையெல்லாம் தண்ணி வருது."

"லோவல் செத்தப்போ பாவம் பாத்துக் குடுத்த வேலைதானே? இருபத்திரெண்டு வருஷமா அந்தப் பாவத்துலயே வண்டி ஓட்டிட்டே."

 நான் எழுந்து அவன் வாயைப் பொத்தியிருக்கலாம். குறைந்தபட்சம், போதும்டா என்றாவது சொல்லியிருக்கலாம். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டிஸ் எழுந்து போய் அவன் திறந்து விட்டிருந்த வெந்நீர்க் குழாயை மூடினாள். திரும்பி வந்து தன் அறைக்குள் போனாள். பத்து நிமிஷம் கழித்து ஜன்னலில் கட்டைவிரல் உயர்ந்தது. என் பாலை வேறு யாரோ இறக்கினார்கள்.

சாயங்காலம் அலுவலகத்துப் பெண் எனக்குச் சொன்னாள். அன்றைக்கு முதல் ஆளாக, காலை எட்டு மணிக்கே, ஆர்டிஸைக் கூப்பிட்டு வேலை இல்லை என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். வெர்லின் பேசும்போது அந்தக் கடிதம் அவள் கோட்டுப் பையில் இருந்திருக்கிறது.

*

அதற்குப் பிறகு பத்து நாள் வெர்லின் வெளியே வரவில்லை. சர்ச்சுக்கும் வரவில்லை. அவன் மனைவி மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள், வாய்க்குப் பூட்டுப் போடாதவள். அவளுக்கே வீட்டில் தடை. கிரீமரி என்ற வார்த்தையை இந்தக் கூரைக்குக் கீழே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டானாம்.

"வேற எங்கயாவது வேலை குடுக்கறேன்னு சொன்னாங்களான்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன் ரோலி," என்றாள் மார்லிஸ் வேலியோரத்தில். "மொகம் சிவந்துபோச்சு. நேரா கொட்டகைக்குப் போயி, ஏற்கனவே பொளந்து வெச்ச வெறகையே திரும்பப் பொளக்கறான். இப்ப வீட்ல இருக்கறதெல்லாம் தீக்குச்சிதான்."

நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போனேன். போய் என்ன பேசினேன்?

"குளிரு கொஞ்சம் விட்டாப்பல இருக்கு."

"ஆமா. நேத்து இதைவிட மோசம்."

"வியாழக்கிழமை பனி கொட்டும்கறான் ரேடியோவுல."

"கொட்டட்டும். இன்னும் எடமிருக்கு."

அவ்வளவுதான். ஆர்டிஸுக்கும் வேலை போய்விட்டதடா என்று ஒரு வரி. சொல்ல நாக்கு வரவில்லை. அவனாகக் கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். அவனோ நான் முதலில் பேசட்டும் என்றிருந்தானோ என்னவோ. இந்த ஊரில் ஒருத்தர் புண்ணை இன்னொருத்தர் தொடமாட்டோம். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை இருந்தது, அது வேறு சொல்லவிடாமல் தடுத்தது. என் லாரி ஆஸ்டாலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அங்கே புதிதாகப் பால் இறக்கிக்கொண்டிருந்தவன் கெட்டிக்காரன். ஊர் எது என்று கேட்டேன். அயோவா என்றான்.

இதற்கிடையில் ஹாட்டிஷ்கள் வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தாலும், கொட்டகை எரிந்தாலும், வேலை போனாலும், ஆறுதல் வார்த்தை வராது, ஹாட்டிஷ் வரும். கொத்துக்கறி, அதன்மேல் டப்பா காளான் சூப்பு, அதன்மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை வரிசையாக அடுக்கி அடுப்புக்குள் வைத்து எடுத்தது. பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாது. நாலு முட்டையாவது, ஒரு சீசா ஊறுகாயாவது உள்ளே இருக்க வேண்டும். ஏழு பாத்திரம் வந்திருந்தது. ஏழையும் மார்லிஸ்தான் கழுவினாள், மார்லிஸ்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். வெர்லின் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

எட்டாவது ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நானும் வெர்லினும் பின்வாசல் படியில் இறுகிக் கிடந்த பனிக்கட்டியைக் கடப்பாரையால் பெயர்த்துக்கொண்டிருந்தோம். முன்பக்கம் ஒரு கார் வந்து நிற்கிற சத்தமும் போகிற சத்தமும் கேட்டது. எங்கள் ஊரில் முன்வாசலுக்கு வருகிறவர்கள் பாதிரியாரும் இன்ஷூரன்ஸ்காரனும்தான். வெர்லின் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தான். நானும் போனேன். படியில் துண்டு போட்டு மூடிய பாத்திரம், இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"செத்த வீடாடா இது?" என்றான் வெர்லின்.

"நல்ல மனசுலதானே குடுக்கறாங்க."

"செத்தவனுக்கு ஒரு சௌகரியம் இருக்கு. அவன் இதைத் திங்க வேண்டியதில்லை."

சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அவன் பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கி, முற்றத்துப் பனிக்குவியல்மேல் வீசினான். குவியல் வரைக்கும் அது போகவில்லை. பூட்ஸ் தேய்க்க நட்டு வைத்திருக்கிற இரும்புப் பட்டையில் பட்டு இரண்டாகப் பிளந்தது. வெள்ளைப் பனியில் உருளைக்கிழங்கு உருண்டைகள் ஓடின. கதவைத் திறந்துகொண்டு மார்லிஸ் வந்தாள். கையில் பாத்திரம் துடைக்கிற துணி.

"வெர்லின்!"

அவன் குனிந்து பாத்திரத்தை எடுத்தான். நீலப் பூ போட்ட பாத்திரம். பிளந்திருந்தாலும் இரண்டு துண்டும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தன, அடியிலிருந்த டேப் பிடித்துக்கொண்டிருந்தது. அவன் திருப்பிப் பார்த்தான். ஆ. க்வாம் என்று எழுதியிருந்தது.

"ஓ, அவளா," என்றான். குரல் ஏறியது. "வேலைக்குப் போற திமிருல நமக்குப் பிச்சை போடறாளா? அன்னைக்கு நான் சொன்னது பத்தலைபோல."

மார்லிஸ் என்னைப் பார்த்தாள். "என்ன சொன்னான் ரோலி? அவகிட்ட என்ன சொன்னான்?"

நான் வானத்தைப் பார்த்தேன். பனி வருமா வராதா என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு கணம் தோன்றியது.

"அவளுக்கும் போயிடுச்சுடா," என்றேன்.

"எது போயிடுச்சு?"

"வேலை. அன்னைக்கேதான். உனக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி. நீ பேசினப்போ கடுதாசி அவ பையில இருந்துச்சு."

 வெர்லின் மார்லிஸிடம் திரும்பினான். "உனக்குத் தெரியுமா?"

"ஊருக்கே தெரியும். நீதானே வாயைத் திறக்காதேன்னே? அவளை நீ என்னமோ சொன்னேன்னு எனக்குத் தெரியாதே."

"உனக்கு?" என்றான் என்னிடம்.

"தெரியும்."

"பத்து நாளா?"

"பத்து நாளா."

"பத்து நாளும் எங்கிட்டக் குளிரைப் பத்திப் பேசினே."

 அவன் பாத்திரத்தை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். குழம்பு கோட்டில் வடிந்தது. தான் ஆர்டிஸிடம் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மார்லிஸிடம் சொன்னான். லோவலைப் பற்றிச் சொன்னதையும் விடவில்லை. மார்லிஸ் கேட்டு முடித்துவிட்டுத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நல்ல பேச்சு," என்றாள். "அவ கையால சமைச்சதை நாய் திங்கற மாதிரியும் பண்ணிட்டே. உள்ள வா. கட்டை மாதிரி விறைச்சுப் போயிடாதே. மொதல்ல கொட்டினதைக் கூட்டி அள்ளிட்டு வா."

*

ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரு புதுப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு வருகிறேன் என்றுதான் வெர்லின் முதலில் சொன்னான். மார்லிஸ் விடவில்லை.

"கடையில வாங்கறது ஒடைச்ச பாத்திரத்துக்கு. அதை அடுத்த வாரம் வாங்கு. சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவே? நீயே செய்."

"எனக்கெங்க சமைக்கத் தெரியும்?"

"பேசத் தெரிஞ்சுதே."

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நான் போனபோது சமையலறை முழுக்கப் புகை. இலையுதிர் காலத்தில் ஏரியில் அவனே தட்டிச் சேர்த்த காட்டு அரிசியை வேகவைத்து, கோழியைப் பிய்த்துப் போட்டு, மேலே சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தான். மார்லிஸ் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கரண்டியைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.

"உப்பு எவ்வளவு?"

"லாரிப் பாலை மோந்து பாத்தே தீர்ப்புச் சொல்லுவியே, இதையும் மோந்து பாரு."

"அரிசி அடியில பிடிச்சிடுச்சு."

"அடியில பிடிச்சதை நீ தின்னு. மேல இருக்கறதை அவளுக்குக் கொண்டுபோ."

எல்லாம் முடிந்ததும் மார்லிஸ் தன்னுடைய கனமான பச்சைப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்து, டேப்பும் பேனாவும் அவன் முன்னால் வைத்தாள். பெயர் எதற்கு, பாத்திரம் அவளிடமே இருக்கட்டுமே என்றான் அவன். "இதைக் குடுத்துட்டுக் கணக்கைத் தீர்க்கலாம்னு பாக்கறியா? அதெல்லாம் ஆகாது. இது திரும்பி வரணும்," என்றாள் அவள். டோஸ்ட்ருட் என்று கோணல் எழுத்தில் எழுதி ஒட்டினான். பிறகு கோட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"நீயும் வா."

"நான் எதுக்குடா?"

"நான் பேசினப்போ கூட உக்காந்து காப்பி குடிச்சவன் நீதானே?"

நான் குல்லாயை மாட்டிக்கொண்டேன்.

*

ஆர்டிஸ் வீட்டுப் பின்வாசல். தட்டியதும் திறந்தாள். எங்களைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள். "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க," என்றாள். மேஜை முழுக்க நன்றிக் கார்டுகள். முன்பக்கம் சிவப்புக் கொட்டகைப் படம் போட்டது, பல்பொருள் கடையில் கட்டாக விற்பது. எழுதி முடித்தவை ஒரு பக்கம், எழுதாதவை ஒரு பக்கம்.

வெர்லின் பாத்திரத்தை அடுப்பின்மேல் வைத்தான். கோட்டுப் பையிலிருந்து காகிதப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தான். உள்ளே நீலப் பூ துண்டுகள். தூக்கிப் போட்டிருக்கலாம். அவன் கொண்டுவந்திருந்தான்.

"கை தவறிடுச்சா?" என்றாள் ஆர்டிஸ்.

அவள் தப்பிக்க வழி விட்டாள். எங்கள் ஊர்க்காரன் யாராக இருந்தாலும், ஆமாம், பனியில் வழுக்கிவிட்டது என்று சொல்லியிருப்பான், அவளும் நம்புகிற மாதிரி இருந்திருப்பாள், மூன்று பேரும் குளிரைப் பற்றிப் பேசியிருப்போம்.

"இல்ல. வீசி எறிஞ்சேன்," என்றான் வெர்லின். "யாருதுன்னு பாக்கறதுக்கு முன்னாடி. பாத்தப்புறம் இன்னும் மோசமா பேசினேன். உனக்கும் வேலை போனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தெரியாட்டியும் அது பேசக்கூடாத பேச்சு. லோவலை இழுத்தேன். லோவல் எனக்கு வலை பின்னிக் குடுத்தவன். எனக்கு அசிங்கமா இருக்கு, ஆர்டிஸ். ராத்திரி கண்ணை மூடினா உன் வெள்ளைக் கோட்டுதான் தெரியுது."

ஆர்டிஸ் பையை மடித்து ஓரமாக வைத்தாள்.  குரல் கெட்டியாக இருந்தது.

"வலிச்சுது. இல்லைன்னு சொல்ல மாட்டேன். நான் பெரிய மனசுக்காரின்னு ஒண்ணும் நெனைச்சுக்காதே. அந்த ஹாட்டிஷை ஏன் கொண்டாந்தேன் தெரியுமா? நீ தின்னு முடிச்சு, கழுவ எடுத்து, கவுத்து, என் பேரைப் பாக்கணும். பாத்து உனக்கு உடம்பெல்லாம் கூசணும். அதுக்குத்தான். உப்புகூட ஒரு கை அதிகமா போட்டேன்."

"ரெண்டு கை போட்டிருக்கலாம்."

"யோசிச்சேன்."

வெர்லின் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இன்னொண்ணு இருக்கு," என்றான். "மார்லிஸுக்குக்கூடச் சொல்லல. அன்னைக்குக் கார்வி எனக்கு வேலை குடுக்கறேன்னு சொன்னாரு."

"எந்த வேலை?" என்றேன் நான்.

"ஆஸ்டால்ல. ஒரே ஒரு எடம். பாலும் எறக்கணும், சோதனையும் பாக்கணும். உனக்கு வேணுமான்னு கேட்டாரு. நான்..." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதெல்லாம் எதுக்குங்க, தேவைப்படற வேற யாருக்காவது குடுங்கன்னேன்."

"வேண்டாம்னா சொன்னே?"

"வேண்டாம்னு சொல்லுவேனாடா? மொதல் தடவைதானே கேட்டாரு! மறுபடி கேப்பாருன்னு ஒக்காந்திருக்கேன். அவரு எதையோ எழுதிக்கிட்டு, சரி, உங்க முடிவை மதிக்கிறேன்னு எந்திரிச்சிட்டாரு. நான் இன்னும் ஒக்காந்திருக்கேன். கதவைத் திறந்துட்டு நிக்கறாரு. எப்படிக் கேக்கறது, ஐயா இன்னும் ரெண்டு தடவை கேளுங்கன்னா? வெளிய வந்தேன். மொதல்ல கண்ணுல பட்டது நீ. எம்மேல இருந்த கோவம்தான் அவ்வளவும். உம்மேல கொட்டினேன்."

ஆர்டிஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த எடம் உனக்கு எப்படி வந்துச்சு தெரியுமா?" என்றாள். "எட்டு மணிக்கு எங்கிட்டக் கேட்டாரு."

வெர்லின் தலையைத் தூக்கினான்.

"வெர்லினுக்குக் குடுங்க, அவனுக்குக் குடும்பம் இருக்குன்னு சொன்னேன்."

"எனக்காக விட்டுக் குடுத்தியா?"

"விட்டுக் குடுத்தேனா! மரியாதைக்குச் சொன்னேன்யா! இல்லம்மா, நீங்களே எடுத்துக்கங்கன்னு மறுபடி கேப்பாருன்னு கைப்பையை மடியில வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன். வெ-ர்-லி-ன்னு எழுதிக்கிட்டு, உங்க பெருந்தன்மைக்கு நன்றின்னுட்டாரு. அந்த மனுஷனுக்கு நன்றின்னு கார்டுகூட எழுதிட்டேன், பாரு."

அவள்தான் முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. வெர்லினும் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினான். அது முழுக்கச் சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை, நிமிர்ந்தபோது முகமெல்லாம் ஈரம்.

"கடைசில யாரு வாங்கினான் அந்த வேலையை?" என்றான்.

"அயோவாக்காரன்," என்றேன் நான்.

மறுபடி சிரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் வேலை இல்லை, அவளுக்கு ஐம்பத்தெட்டு, அவனுக்கு ஐம்பத்தைந்து. ஊரில் வேறு வேலையும் இல்லை. இருந்தும் சிரித்தார்கள்.

பிறகு ஆர்டிஸ் கார்டுகளைக் காட்டினாள். முப்பத்தொரு பண்ணைக்கும் ஒவ்வொன்று. இத்தனை வருஷம் சுத்தமான பால் அனுப்பியதற்கு நன்றி என்று ஒவ்வொன்றிலும் கையால் எழுதியிருந்தாள். ஒன்றை எடுத்து வெர்லின் படித்தான். "உங்கள் பாலை இரண்டு தடவை கொட்ட வைத்தேன். வருத்தமாக இருந்தது. ஆனால் கொட்டியது சரிதான்." இன்னும் பதினாலு பாக்கி இருந்தன. ஆர்டிஸ் ஒரு பேனாவை அவன் பக்கம் தள்ளினாள்.

"நீயும் உன் பேரைப் போடு. பாலை மோந்து பாத்தவன் நீதானே? அப்புறம் கார்விக்கு ஒண்ணு தனியா எழுது. கையைக் குடுக்காம வந்திருக்கே."

"என்னன்னு எழுதறது?"

"ஒரு தடவையாவது கேட்டாரே, அதுக்கு நன்றின்னு எழுது."

அவன் குனிந்து எழுதத் தொடங்கினான். தடித்த விரல், பேனா அதற்குள் காணாமல் போனது. கார்விக்கு எழுதியதை என்னிடம் காட்டவில்லை. நீளமாகத்தான் எழுதினான். ஆர்டிஸ் கார்டுகளை என் முன்னால் தள்ளி, "நாளைக்குப் பால் எடுக்கப் போறப்போ ஒவ்வொரு பண்ணையிலயும் குடுத்துடு. உனக்குத்தான் வண்டி ஓடுதே," என்றாள். குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா தெரியாது. எனக்குக் குத்தியது.

அவள் எழுந்து அடுப்புப் பக்கம் போனாள். பச்சைப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். "அடிபிடிச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் காட்டுகிற மாதிரியே கட்டைவிரலை உயர்த்தினாள். காப்பிச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"வெர்லின், காப்பி குடிக்கிறியா?"

அவன் வாயைத் திறந்தான். ஐம்பத்தைந்து வருஷமாக அந்த வாயில் தயாராக இருக்கிற பதில் நுனி நாக்குக்கு வந்ததை நானே பார்த்தேன். அதை விழுங்கினான். காது மடல்வரை சிவந்துவிட்டது.

"குடிக்கிறேன்," என்றான். "நன்றி."

"ரோலி, உனக்கு?"

"ஐயோ, எனக்கெதுக்கு? இப்பத்தான் சர்ச்ல குடிச்சேன்," என்றேன்.

"சரி," என்றாள் ஆர்டிஸ். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்து மேஜையில் வைத்து ஊற்றினாள்.

அவர்கள் இரண்டு பேரும் காப்பி குடித்துக்கொண்டே மீதிக் கார்டுகளை எழுதினார்கள். நான் என் லாரி போகிற பாதையின் வரிசைப்படி அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுக்கி முடிகிறவரைக்கும் என்னை யாரும் மறுபடி கேட்கவில்லை.